செல்லாக்காசு வைப்பவள்

சிறு காசுகளை நாங்கள் யோசித்து வைப்பதில்லை.
கோழிக்குத் தவிடு போல் தூவிவிடுவோம்.
நூறு சேர்ந்தால் ஓர் உயிர்.
பெரிய நாணயங்கள் வேறு.
கட்டத்துக்கு மூன்று, மூன்றே மூன்று.
அவற்றை ஒளித்துவைக்கத்தான் எனக்குச் சம்பளம்,
கியோத்தோவில், நான்காம் மாடியில்,
தொடரின் ஐந்தாவது ஆட்டமாக.

முதலாவதைப் போகிற வழியிலேயே வைப்பேன்:
கண்ணில் படட்டும், பசி பிறக்கட்டும்.
இரண்டாவதற்கு ஒரு தாவல் கூடுதல்.
மூன்றாவதை
என்னோடு சண்டை போட்டவர்களால் மட்டும்
ஊகிக்க முடிகிற இடத்தில்.

ஆறாம் உலகம், நான்காம் கட்டம்.
எல்லோரும் வலப்பக்கமே ஓடுகிற ஆட்டத்தில்
தொடங்கிய இடத்துக்கு இடப்பக்கம்
ஒரு குழி வெட்டினேன்.
குழியின் நடுவே அந்தரத்தில்
மெல்லச் சுழலும் நாணயம்.
எடுக்கலாம். எடுத்தால் விழுவாய்.
விழுந்தால் எடுத்தது எடுத்ததாகாது.
கைக்கு எட்டியது கணக்குக்கு எட்டாது.
தப்ப ஒரே வழி:
நாணயத்துக்குக் கீழே
கண்ணுக்குத் தெரியாத ஒரு செங்கல்.

“இடப்பக்கம் யார் போவார்கள், இசோமுரா?” என்றார் துகாவா.
அவர் இப்படிக் கேட்டால் வேண்டாம் என்று பொருள்.
தலையாட்டினேன்.
நாணயத்தை அங்கேயே விட்டுவைத்தேன்.

விற்பனைக்கு வந்த மூன்றாம் வாரம்
வரைபடம் வந்தது.
ஆட்டக்காரர் மாண்ட இடமெல்லாம் சிவப்புப் புள்ளி.
அரக்கன் காவலிருக்கும் கோட்டையில் தூறல்.
என் குழியில் அடைமழை.
நாலு லட்சத்துச் சொச்சம் சாவு.
எதற்கு?
அந்த நாணயத்தைக் கொடுத்து ஒரு தொப்பிகூட வாங்க முடியாது.
எல்லாவற்றையும் சேர்த்தவருக்குப்
பெயருக்குப் பக்கத்தில் சின்னதாய் ஒரு கிரீடம், அவ்வளவுதான்.
துகாவா வரைபடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
காப்பி எடுக்கப் போனார்.

மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை,
ஒசாகா போகும் கடைசிக்கு முந்தின ரயில்.
எதிர் இருக்கையில் ஒருவர்.
தொளதொளத்த கட்டட வேலைக் கால்சட்டை,
நகக்கண்களில் சுண்ணாம்பு.
அவர் முதுகுக்குப் பின்னே இருட்டு ஜன்னலில்
அவர் கையிலிருந்த திரை தெரிந்தது.
கண்ணாடியில் என் குழி
வலப்பக்கம் இருந்தது.

எடுத்தார், விழுந்தார்.
எடுத்தார், விழுந்தார்.
பதினொன்று வரை எண்ணினேன்.
‘செங்கல்’ என்ற சொல்
பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.
ஹிரகாத்தாவில் கதவு திறந்தது. நான் இறங்க வேண்டிய ஊர்.
கதவு மூடியது.

பிறகு அவர் வலப்பக்கம் போனார்.
சரி, விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.
இல்லை. அங்கே திரியும் முள்நத்தையைச் சீண்டி,
தன்னைத் துரத்தவைத்து,
அத்தனை தூரமும் கூட்டிவந்து
குழியில் தள்ளி,
கூடவே குதித்து,
நாணயத்தை எடுத்து,
விழுகிற நத்தையின் ஓட்டை மிதித்து
மேலே வந்தார்.

நான் எழுதாத வழி.
சோதனையாளர் நாற்பது பேர் நடக்காத வழி.

அவர் சிரிக்கவில்லை. காதைச் சொறிந்தார்,
காது மடலில் சுண்ணாம்பு ஒட்டியது.
கட்டத்தை முடித்தார்.
உடனே மறுபடி அதற்குள்ளேயே போனார்.
ஒருமுறை எடுத்த நாணயம்
அடுத்தமுறை வெறும் கோடாய் நிற்கும்,
உள்ளே குழியின் இருட்டு தெரிய.
அப்படித்தான் அமைத்திருக்கிறோம்.
கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.
பிறகு நத்தையைத் தேடிப்போய்க் கூட்டிவந்து
அந்தக் கோட்டையும் எடுத்தார்.

யோதொயாபாஷி. கடைசி நிலையம்.
கூட்டத்தில் அவர் கரைந்தார்.
திரும்பிப் போக ரயில் இல்லை.
தேநீர் இயந்திரத்தின் முன் நின்று
பையைத் துழாவியதில்
பத்து யென் குறைந்தது.
மிச்சம் கிடந்தவை இரண்டு ஐந்து யென்,
நடுவில் ஓட்டையோடு.
ஒன்றைப் போட்டேன். உள்ளே உருண்டு
கீழே வந்து விழுந்தது.
வாங்காது என்று தெரியும்.
இன்னொரு முறை போட்டேன்.