எண்ணிக்கை: ஒன்று

அட்டவணையில் ஐந்து கட்டங்கள்.
பதவி, எண்ணிக்கை, படிப்பு, மொத்த அனுபவம்,
இதே போன்ற வேலையில் அனுபவம்.
ஐந்தாவதில் துடித்துக்கொண்டிருக்கிறது கர்சர்,
புதுவயல் ரயில்வே கேட்டில்
இஞ்சின் அணைக்காமல் நிற்கும் நெல் லாரி மாதிரி.

புதுவயலுக்குத்தான் இந்தத் தொட்டி.
இரண்டு லட்சம் லிட்டர், மேல்நிலை.
பழையதற்கு ஒன்பது வயதுகூட ஆகவில்லை,
அதற்குள் அடிவயிற்றில் கம்பி தெரிகிறது.
கசிகிற இடத்திலெல்லாம் மில் தவிடு அப்பி
எந்த நாட்டுக்கோ வரைபடம் போட்டிருக்கிறது.

அதன் கோப்பை நேற்று எடுத்தேன்.
பணித்தளப் பொறியாளர்: அ. சொர்ணலிங்கம், பி.இ.,
பதினான்கு ஆண்டுகள்.
பதிவேட்டில் பதினோரு மாதம்
ஒரே பேனா, ஒரே சாய்வு,
ஒரே மூச்சில் போட்ட கையெழுத்து.
தீபாவளியன்றும் வந்திருக்கிறார்.
பிப்ரவரி முப்பதிலும் வந்திருக்கிறார்.
அதே மாதங்களில்
தேவகோட்டையில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்திலும்
திருமயம் பக்கம் ஒரு பாலத்திலும்
நாள் தவறாமல் நின்றிருக்கிறார்.

எண்ணைத் தேடிப் பிடித்தேன்.
ஓசூரில் எடுத்தார்.
"தொட்டியா? எந்தத் தொட்டி மேடம்?
அந்தக் கம்பெனியில வேலை கேட்டு
ஒரு தடவை சர்டிபிகேட் ஜெராக்ஸ் கொடுத்தேன்.
கூப்பிடறோம்னாங்க."

அவரைக் கூப்பிடவில்லை.
ஜெராக்ஸைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.
அது மூன்று ஊரில் சாரம் ஏறி இறங்கியிருக்கிறது,
சம்பளம் இல்லாமல், தாகம் இல்லாமல்,
ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல்.

இம்முறை எழுதுகிறேன்:
அசல் சான்றிதழ்.
அவரே கையெழுத்திட்ட ஒப்புதல்.
வேறெந்தப் பணியிலும் இல்லை என்ற உறுதிமொழி.
மாற்றுவதாயின் சமமான அல்லது மேலான தகுதி,
அதுவும் எழுத்துமூலம் அனுமதி பெற்று.
தளத்தில் இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் பிடித்தம்.
'ஒவ்வொரு' என்பதை இரண்டு முறை அடித்திருந்தேன்;
ஒன்றை அழிக்க மனசு வரவில்லை,
அழித்தேன்.

மூன்று மணிக்குத் தலைமை வரைவாளர் மெய்யநாதன் வந்தார்.
உட்காரவில்லை.
"அஞ்சாவது கட்டத்துல இருபதுன்னு போட்ருங்க மேடம்.
தொட்டி வேலை மட்டும், இருபது வருசம்."
இந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒரே ஆள்தான்.
அவர் யாரிடம் சம்பளம் வாங்குகிறார் என்பது
செக்காலை ரோட்டில் டீ ஆற்றுகிறவருக்கும் தெரியும்.
சில கட்டங்களில் இருபது என்பது எண் இல்லை,
ஒருவருடைய பெயர்.

சரி, பூஜ்யம் போட்டால்?
போன மாதம் பட்டம் வாங்கியவரும் வரலாம்.
படிப்பில் குறையிருக்காது.
ஆனால் கலவை லாரி திரும்பி நிற்கையில்
"ஊத்தாதே, திருப்பி அனுப்பு" என்று சொல்ல
ஒரு குரல் வேண்டும்.
அந்தக் குரல் உடைய எத்தனை வருடம் ஆகும்?

எனக்கு ஆறு ஆயிற்று.
கண்டனூர் ஓடைப் பாலத்தில்
கலவையில் தண்ணீர் மிஞ்சியதைக் கண்ணால் பார்த்தேன்.
சோதனைக் கூம்பைத் தூக்கியதும்
குழைந்த கஞ்சிபோல் சரிந்தது.
மேஸ்திரி என்னைப் பார்த்தார்,
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
மூன்று லோடு போன பிறகுதான் கையைத் தூக்கினேன்.
அந்த மூன்று லோடு இன்னும் அங்கேதான் இருக்கிறது.
மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போனால்
பைக்கை மெதுவாக ஓட்டுகிறேன்.

ஆறு என்று அடித்தேன்.
மெய்யநாதன் சிரித்துவிட்டுப் போனார்.
அது எந்த வகைச் சிரிப்பு என்று குறிக்க
அட்டவணையில் இடமில்லை.

இரண்டாவது கட்டத்துக்குத் திரும்பினேன்.
எண்ணிக்கை: 1.
பக்கத்திலேயே, காசோலையில் எழுதுவதுபோல்,
எழுத்தாலும் எழுதினேன்.
ஒன்று மட்டும்.

ஓசூர்க்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லலாமா?
அறிவிப்பு வெளிவருமுன் சொல்வது விதிமீறல்.
போனைக் கவிழ்த்து வைத்தேன்.
வெள்ளிக்கிழமை பேப்பரில் வரும்,
எட்டாம் பக்கம், நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே,
பொடி எழுத்தில்.
ஓசூருக்கும் அந்தப் பேப்பர் போகும்.