பின்பக்கம்

சேவைத் திருப்தி பற்றிய வினாக்கொத்து.
ஆறு தாள். கொழும்பிலிருந்து வந்தது.
சிங்களத்தில் யோசித்துத் தமிழில் அச்சடித்த வசனங்கள்.
பொருத்தமான இலக்கத்தை வட்டமிடுக:
ஒன்றென்றால் கொஞ்சமும் இல்லை,
ஐந்தென்றால் நிரம்ப.
பெயர் எழுதத் தேவையில்லையாம்.
வாட்டு, வயது, சேவைக்காலம், சொந்த இடம்
மட்டும் போதுமாம்.
பன்னிரண்டாம் வாட்டில்
நாற்பத்தொரு வயது நிலாவெளிக்காரி
நான் ஒருத்திதான்.

முதல் கேள்வி சம்பளம்.
இரண்டை வட்டமிட்டேன்.
வராத ஒக்டோபர் ஓவர்டைம் ஞாபகம் வர
அதை வெட்டி ஒன்றாக்கினேன்.
இரண்டாவது கேள்வி உபகரணங்கள்.
அதற்குள் நாலாம் கட்டில் கூப்பிட்டது.

அர்ஹம். கிண்ணியாப் பையன். இருபது கிலோ.
டெங்கு, ஐந்தாம் நாள். காய்ச்சல் விட்டுவிட்டது.
காய்ச்சல் விட்ட பிறகுதான்
எங்களுக்குப் பயம் தொடங்கும்.
உள்ளே போவதையும் வெளியே வருவதையும்
மணிக்கொரு தரம் அளந்து எழுத வேண்டும்.
எழுதத் தாள் இல்லை.
அட்டவணை முடிந்து இரண்டு கிழமை;
ஸ்டோர்ஸில் கேட்டால் "வரும்."
கலண்டரின் முதுகில், மருந்துப் பெட்டி மட்டையில்
எழுதி எழுதிக் கை பழகிவிட்டது.

வினாக்கொத்தின் முதல் தாளை உருவிப் புரட்டினேன்.
பின்பக்கம் நல்ல வெள்ளை.
நாக்கை அழுத்தும் மரச்சில்லை வைத்துக்
கோடு கிழித்தேன்.

ஒரு மணி: பன்னிரண்டு மில்லிலீற்றர்.
இரண்டு மணி: எட்டு.
மூன்று மணி: நான்கு.

"இன்னும் பேயல்ல மிஸ்" என்றாள் ஜெஸீமா,
அது தன் குற்றம் போல.

டொக்டர் மதுஷங்கவை எழுப்பினேன்.
சின்னப் பெடியன்;
இரண்டு காலிலும் வேறு வேறு செருப்போடு ஓடிவந்தான்.
கட்டிலுக்கு மேலே பல்ப் எரிவதில்லை.
சிற்றூழியர் புஷ்பகாந்தி டோர்ச் பிடித்தாள்.
நாடி எனக்கு நூற்று முப்பது,
அவனுக்கு நூற்று முப்பத்திரண்டு.
மறுபடி எண்ணினோம்.
பாரமான போத்தலை மாட்டினோம்.
பிறகு செய்ய ஒன்றுமில்லை, காத்திருப்பதைத் தவிர.
காத்திருப்பதென்றால்
மற்ற முப்பத்தேழு கட்டில்களையும் பார்ப்பது.

துஷாந்தினி இப்போது லீட்ஸில்.
அங்கே ஒரு நேர்ஸுக்கு ஆறு நோயாளியாம்.
"வா" என்று அவள் எழுதவில்லை.
சம்பளத்தை மட்டும் எழுதினாள்.
அந்தச் செய்தியை நான் அழிக்கவுமில்லை,
பதில் போடவுமில்லை.

நான்கு மணி: ஆறு.
ஐந்து மணி: பதினெட்டு.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முந்தி
ஜெஸீமா இரண்டு கையாலும் போத்தலை ஏந்தி
அடி அடியாக நடந்து வந்தாள்,
ஒரு சொட்டும் சிந்தக் கூடாதென்று.
"மிஸ், பேஞ்சிட்டான்."
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
நாற்பது. இன்னும் ஒன்றிரண்டு கூட என்று
கண் சொல்லிற்று.
நாற்பது என்றே எழுதினேன்.
இந்த வேலையில்
சந்தோஷத்தைக் கூட்டி எழுதக் கூடாது.
புஷ்பகாந்தி டோர்ச்சை அணைக்க மறந்து
விடிந்த வாட்டுக்குள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தத் தாள் இனி அவனுடைய கோப்பில் இருக்கும்.
ஆவண அறைக்குப் போகும். பூச்சி அரிக்கும்.
அதற்கு முன் யாராவது புரட்டினால்
ஒரு பக்கம் என் சம்பளம்,
மறுபக்கம் அவன் சிறுநீர்.

எட்டு மணிக்குத் திட்டமிடல் பிரிவுப் பெடியன்
படிக்கட்டில் மறித்தான்.
"மிஸ், உங்கட போம்?"
"மான் திண்டிட்டுது."
திருகோணமலையில் இந்தக் காரணத்தை
யாரும் மறுக்க முடியாது.
போன மாதம் அவனுடைய சோற்றுப் பார்சலையே
பேப்பரோடு தின்றது ஒன்று.
சிரித்துக்கொண்டு இன்னொரு கொத்தை நீட்டினான்.
ஆறு தாள். பின்பக்கம் வெள்ளை.
வாங்கிக் கைப்பைக்குள் வைத்தேன்,
இரவுக்கு உதவும்.

நிலாவெளி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
சாம்பல்தீவுப் பாலம் வரைக்கும்தான்
விழித்திருந்தேன்.