காரல் காயும் வாசம்

காப்பகம் கட்டியது புயலுக்கு.
எண்ணூறு பேர் ஒண்டலாம் என்று
வாசலில் நீல எழுத்தில் எழுதியிருக்கிறது.
போன புயலில் இதே மேலறையில்
அறுபது பேர் ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்து
விடிய விடிய இருமினோம்.
நடுவில் யாருடைய ஆடோ ஒன்று.

இந்த முறை நான் மட்டும்.

மால்பேயிலிருந்து மீன் லாரியில் வந்து
தொண்டி விலக்கில் இறங்கிய இரவே
நர்சு சபூரா பத்தடி தள்ளி நின்று சொன்னாள்:
"பதினாலு நாள்."
எனக்குத்தான் ஒன்றுமில்லையே என்றேன்.
"இல்லைன்னு யாருக்குத் தெரியும்?
உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
அது தெரியத்தான் நாளு."

பதினாறு நாள் கரை மிதிக்காமல்
விசைப்படகில் கிடந்திருக்கிறேன்.
அங்கே இழுக்க வலை உண்டு, திட்ட டிரைவர் உண்டு.
இங்கே ஜன்னல் கம்பிக்கு அப்பால்
இருநூறு எட்டில் கடல்.
கச்சான் எழும்புவதும் அடங்குவதும் பார்த்து
என் வள்ளத்தை யாரோ கோணலாய்க் கட்டியிருப்பது பார்த்து
பல்லைக் கடித்தேன்.

டெல்பின் தூக்குவாளியை
மூன்றாம் படியில் வைத்துவிட்டுக்
கொடிமரம் வரை பின்வாங்குவாள்.
அங்கிருந்து கத்தித்தான் பேச்சு.
அடகு வைத்த சங்கிலி, ஏறிய வட்டி,
அவள் தம்பியின் குடி எல்லாம்
ஊருக்கே ஒலிபரப்பானது.
ஆறாம் நாள் பாதிச் சண்டையில்
இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

கட்டடத்துக்குப் பின்னால் மணலில் காரல் காயும்.
முதல் நாளிலிருந்து அந்த நாற்றம்தான் எனக்குத் துணை,
சோற்றிலும் தலையணையிலும்.
ஒன்பதாம் நாள் விழித்தால்
அறை கழுவிவிட்டது போல் இருந்தது.
அள்ளிவிட்டார்களோ என்று எட்டிப் பார்த்தேன்.
மீன் அப்படியே கிடக்கிறது.
பெண்கள் விளக்குமாற்றால் புரட்டுகிறார்கள்.
காகம்கூட மோப்பம் பிடித்து வந்துவிட்டது.
தைலப் புட்டியைத் திறந்து
மூக்குக்குள் கவிழ்க்காத குறை.
ஒன்றும் இல்லை.

பயம் பிறகுதான் வந்தது.
முதலில் வந்தது கணக்கு.

அந்த இரவே வீட்டுக்குப் போயிருந்தால்
காலையில் ஏலக்கூடம்.
ஐஸ் உடைக்கும் பாக்கியநாதன்
என் வாயிலிருந்த பீடியை வாங்கி இழுத்திருப்பான்.
சூசைமாணிக்கம் வீட்டில் தொட்டில் போட்டார்கள்,
பிள்ளையை வாங்கி முத்தியிருப்பேன்,
நான் அப்படித்தான்.
அதன் தாய், தாயின் தாய்,
திருவாடானையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்த
பெயர் தெரியாத ஏழு பேர்.
அவர்கள் போய் இறங்கும் வீடுகள்.

கடைசி வீட்டு ரெமிஜியார்.
சங்கு குளித்துக் குளித்து
அரை நுரையீரலோடு இருக்கிறவர்.
மேற்குக் கரை விலை கேட்க
முதல் ஆளாய் வருவார்.
காது மந்தம்.
கன்னத்தோடு கன்னம் ஒட்டித்தான் கேட்பார்.

அங்கே என் கணக்கு நின்றது.
எட்டு இரவும் நான் விட்ட மூச்சு
இந்தச் சுவர்களில் மோதி விழுந்திருக்கிறது.
சுவருக்கு நுரையீரல் கிடையாது.

சாயங்காலம் ஆம்புலன்ஸ்.
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
பன்னிரண்டு நாள் குப்புறப் படுத்துக்கிடந்தேன்.
அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.
பிழைத்தேன்.

திரும்பி வந்தபோது
பாக்கியநாதன் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தான்.
பிள்ளைக்குக் கழுத்து நின்றிருந்தது.
நடக்காமல் போனதற்கு
ஊரில் எந்த அடையாளமும் இல்லை.
வலப்பக்க மூக்கில் மட்டும்
காரல் லேசாக,
தொலைவில் யாரோ எரிக்கும் ஓலை போல,
திரும்பிக்கொண்டிருந்தது.

ரெமிஜியார் வாசலில் மறித்தார்.
"வந்து ஒரு மாசம் ஆச்சாமே.
என்னய எட்டிக்கூடப் பாக்கலயே நீ?"

"பாக்கல" என்றேன்.
காது மந்தமல்லவா,
இன்னொரு தரம் உரக்கச் சொன்னேன்.