நான்காம் கட்டம்

எனக்கு வந்த உத்தரவு எளிது.
முதலில் எண்ணியவரின் பட்டியலைப் பார்க்காதே.
அவரோடு பேசாதே. டீ கூடக் குடிக்காதே.
சுவரில் கரியால் எழுதிய வீட்டு எண்களைக் காட்டி
"எப்சிபா டீச்சர் போட்டது" என்றான் ஒரு பையன்.
அவ்வளவுதான் எனக்கு அவரைத் தெரியும்:
பெயரும், குறுக்கே கோடு போட்ட ஏழும்.

சைதாப்பேட்டை. சென்னையில் இருப்பதல்ல, எங்களுடையது.
மே மாதம்.
வேலூரில் மே மாதம் என்றபின் சொல்ல ஒன்றுமில்லை.
பேனா மை இளகி விரலில் ஒட்டுகிறது.

கேட்க வேண்டியது ஒரே கேள்வி:
பிப்ரவரி கடைசி ராத்திரி, பன்னிரண்டு மணிக்கு,
இந்த வீட்டில் யார் யார் இருந்தீர்கள்?

"அன்னிக்கு இன்னா விசேஷம்?"

விசேஷம் ஒன்றுமில்லை.
போட்டோவுக்கு நிற்பதுபோல் நாடு மொத்தமும்
ஒரு நொடி அசையாமல் நின்றதாக
நாங்கள் வைத்துக்கொண்டிருக்கிறோம்.
நசீர் அந்த நொடியில் பெங்களூர் பஸ்ஸில்
வாணியம்பாடி தாண்டிக்கொண்டிருந்தான்.
இங்கே அம்மா அவனைச் சொல்லிவிட்டாள்,
அங்கே மெஸ்காரரும் சொல்லிவிட்டார்.
ஆஸ்பத்திரி லாட்ஜில் பதினாலாம் நம்பர் அறை,
முர்ஷிதாபாத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும்.
ஆபரேஷன் தேதி மூன்று முறை தள்ளிப்போயிருந்தது.
அவர்கள் சொன்னதில் எனக்குப் புரிந்தது
பிப்ரவரி என்ற சொல் மட்டும்.

முப்பத்தொன்றாம் எண் வீட்டில் ஐந்து பேர் என்றார்கள்.
எழுதி முடித்து எழுந்தபோது
பின்பக்கத் தகரத்துக்கு அப்பால் யாரோ இருமினார்கள்.

ஷாகிரா. முப்பத்துநாலு. வாடகை அறுநூறு.
"டீச்சரம்மா வந்தாங்க, சத்தம் கேட்டுச்சு.
என்னை யாரும் கேக்கல."
அந்த ராத்திரி?
"இங்கதான். மறுநா பீடிக்கு இலை நனைச்சினு இருந்தேன்."
நாடு அசையாமல் நின்ற நொடியில்
ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கைகள்.

எழுதினேன். பெயர், பால், வயது.
"இப்பவாச்சும் என்னை சேத்துக்கினீங்களா?"

விதிப்படி பதில்: இல்லை.
அறிவிக்கும் தொகை, முதலில் எண்ணிய தொகைதான்.
நான் கண்டெடுத்தவர்கள்
ஆயிரத்துக்கு எத்தனை பேர் விட்டுப்போனார்கள் என்ற
இன்னொரு அட்டவணைக்குப் போவார்கள்.
நீ ஆளாகச் சேர மாட்டாய், ஷாகிரா, பிழையாகச் சேர்வாய்.
இது மாதிரித் தெரு என்பதால்
எங்கெங்கோ இருமும் சில நூறு பேருக்குமாகச் சேர்த்து
நீ ஒருத்தி பிழையாவாய்.
இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
"எழுதிக்கினேன்" என்றேன்.
பொய்யில்லை.

ஜூன் கடைசியில், சத்துவாச்சாரி, ஆபீஸ் மாடி.
இரண்டு பட்டியலையும் ஒரே மேஜையில் விரித்தார்கள்.
இருவரும் பார்த்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு.
நான் மட்டும் பார்த்தவர்கள் பதினாலு.
எப்சிபா டீச்சர் மட்டும் பார்த்தவர்கள் ஒன்பது.

அந்த ஒன்பதில் நெடுநேரம் நின்றேன்.
ஒரு வரி: பெண், பன்னிரண்டு நாள், பெயர் வைக்கவில்லை.
அதே வீட்டில் எனக்கு நாலு பேர் என்றார்கள்,
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.
வெயில். அழுத்திக் கேட்கவில்லை.
விட்டுப்போனவர்களைத் தேடப் போன நான்
விட்டுவிட்டு வந்தது.

நான்காவதாக ஒரு கட்டம் உண்டு.
அவரும் பார்க்காதவர், நானும் பார்க்காதவர்.
அதை நிரப்பச் சொல்லி எனக்கு உத்தரவில்லை,
கணக்கு படித்தவளின் பழக்கம்:
ஒன்பதைப் பதினாலால் பெருக்கி
நானூற்றுப் பன்னிரண்டால் வகுத்தால்
பூஜ்யம் புள்ளி மூன்று.
ஒரு ஆளில் பாதிகூட இல்லை.
ஆனால் பூஜ்யமும் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதி,
அழித்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்தேன்.

கீழே வாட்ச்மேன் ஏகாம்பரம்
சாவிக் கொத்தைக் குலுக்கியபடி கூப்பிட்டார்:
"மேல யாராச்சும் கீறீங்களா?"
நான் வாய் திறப்பதற்குள்
விளக்கை அணைத்துவிட்டார்.