அரிப்பு

ஒரு தடிப்பு இல்லை, ஒரு கொப்புளம் இல்லை.
உள்ளங்கையை விளக்கடியில் நீட்டினால்
ரேகை மட்டும்தான் தெரியும்.

"சொறி" என்றாள் எதிர்வீட்டு மார்க்கிரெட்.
மறுநாளிலிருந்து அடிபம்பில்
என் குடத்துக்கு முன்னும் பின்னும் ஓர் இடைவெளி.
"எறா ஒத்துக்கல" என்றான் தேசப்பன்.
இருபது வருஷமாய் எறா உரித்தே தின்றவள் நான்.
வேப்பிலை, மஞ்சள், மருந்துக்கடை ட்யூப்
எல்லாம் தோல்வரை வந்து திரும்பிப் போயின.

ராத்திரி ஒன்றரைக்குப் பாதத்தில் தொடங்கும்.
கட்டில் விளிம்பு, பேன் சீப்பு, தேங்காய் நார்,
கடைசியில் செதிள் சுரண்டும் கத்தியின் முதுகு.
சொறிந்த இடத்தில் ரத்தம் வரும்.
அரிப்பு வேறிடத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

ஸ்டான்லியில் முதல் கேள்வி: "குடிப்பியாம்மா?"
பக்கத்தில் நின்றவன் தலையைக் குனிந்தான்,
முந்தின நாள் வாசனையோடு.
ஒரு சொட்டு இல்லை என்றேன்.
எழுதாமல் பேனா கொஞ்ச நேரம் நின்றது.

மூன்று முறை ரத்தம் எடுத்தபின்
தூங்காத கண்ணோடு ஒரு சின்ன டாக்டரம்மா
ஓ.பி. சீட்டின் பின்புறம் கல்லீரல் வரைந்தாள்,
உள்ளே மயிர்போலக் குழாய்கள்.
"உங்க உடம்பே இதையெல்லாம் அழிச்சுட்டு வருது.
குடலுக்குப் போக வேண்டிய பித்தம்
வழியில்லாம ரத்தத்துக்குத் திரும்புது."

எனக்குப் படம் வேண்டாம்.
கார்த்திகை மழையில் கால்வாய் அடைத்தால்
தண்ணீர் கக்கூஸ் வழியாக வீட்டுக்குள் ஏறும்.
கட்டில்மேல் அடுப்பு வைத்துச் சமைத்தவள் நான்.

"அப்போ பித்தம்தான் அரிக்குதா?"
அவள் பேனாவை மூடினாள்.
"பித்த உப்புன்னு ரொம்ப நாளா சொல்றோம்.
நரம்பைச் சீண்டுற வேற ஏதோவும் கூட இருக்கு.
முழுசா இன்னும் தெரியலம்மா."
தெரியல என்று ஒரு டாக்டர் சொல்லி
அன்றுதான் கேட்டேன். அவளைப் பிடித்துப்போனது.

பொட்டலத்தில் பவுடர். கலக்கினாலும் கரையாது,
ஈர மணலைக் குடிப்பதுபோல.
இப்போது நாலு மணிநேரம் தூக்கம்,
சில ராத்திரி அதுவும் இல்லை.

அந்த ராத்திரிகளில் ஈரத்துண்டைக் காலில் சுற்றி
கரையில் கொட்டிய கருங்கல்மேல் உட்காருவேன்.
கடல் அரிப்புக்குப் போட்ட கல்.
அதற்கும் இதே பெயர்தான்.
இங்கே லாரி லாரியாய்க் கொட்டியதும்
அலை வடக்கே நகர்ந்து எர்ணாவூரைச் சொறியப் போனது.

நேற்று மூன்று மணிக்குத் தேசப்பன் வந்தான்,
மீன்பெட்டி ஐஸ் ஒரு கவர் நிறைய.
குனிந்து என் பாதத்தடியில் வைத்தான்.
வாயைத் திறக்கவில்லை,
திறந்தால் வாசனை வரும் என்று.