இவ்வளவு

எழுகடல் தெருவில் சண்முகக்கனி கடை.
எவர்சில்வர் நாற்பத்தேழு ரகம்,
இணையத்தில் விற்க ஆளுக்கொரு படம்.
"பொருள் மட்டும் தெரியணும் சார்,
வேற எதுவும் வேணாம்."

சரி என்றுதான் சொன்னேன்.
ஆனால் குடத்தின் வயிற்றில்
நான் இருந்தேன்,
தெர்மாகோல் அட்டையோடு இர்பான் இருந்தான்,
வாசல், வாசலில் பாதி ஆட்டோ,
அதற்கும் மேலே வளைந்த வானம் ஒரு கீற்று.
இடப்பக்கம் நகர்ந்தேன். கூடவே வந்தேன்.
வெள்ளைத்துணி கட்டி மறைந்தேன்.
லென்ஸுக்காகத் துணியில் வெட்டிய ஓட்டை
குடத்தில் கறுப்புப் பொட்டாய் உட்கார்ந்துகொண்டது.

தட்டு வேறு கதை.
"வட்டமா இல்லையே, முட்டை மாதிரில்ல இருக்கு."
ஸ்டூலில் ஏறி நேர் மேலிருந்து எடுத்தால்
வட்டம் வந்தது, குழிவு போய்விட்டது.
"இது தட்டா, மூடியா?"
மேலூர் ரோட்டிலிருந்து பார்த்தால்தான் யானைமலை யானை,
எங்க வீட்டு மாடியிலேர்ந்து வெறும் பாறைண்ணே
என்றான் இர்பான்.
சண்முகக்கனி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.
நாற்பது வருஷமாய் அதில் சாப்பிடுகிறவர்.
பிறகு டீ சொன்னார்.

ராத்திரி கணினியில்
என்னை அழித்தேன். இர்பானை அழித்தேன்.
ஆட்டோ, வாசல், வானம்.
மிஞ்சியது சாம்பல் நிறத்தில்
சிமெண்டில் செய்தது போல ஒரு குடம்.
பளபளப்பு என்று தனியாக எவர்சில்வரிடம்
எதுவும் இருக்கவில்லை.
இல்லாத ஜன்னல் ஒன்றை வரைந்து
அதன் வெளிச்சத்தை ஏற்றி அனுப்பினேன்.
உடனே பதில்:
"இதான் சார் ஒரிஜினல்."

முப்பத்திரண்டாவதில்தான் கவனித்தேன்.
எங்களுக்குப் பின்னால் வாசற்படியில்
ஊதாச் சேலையில் ஓர் அம்மா.
கரண்ட் போன நேரம்.
ஜெனரேட்டர் சத்தத்தில் யாரும் திரும்பியிருக்க மாட்டோம்.
அடுத்த குடத்தில் ஓரடி உள்ளே வந்திருக்கிறாள்.
அதற்கடுத்ததில்
இரண்டு கையையும் விரித்துக் காட்டுகிறாள்,
இவ்வளவு என்று.

அண்டாவோ, பால்சட்டியோ.
குடத்தின் வளைவில் அது எத்தனை சாண் என்று
யார் அளப்பது?
முப்பத்தைந்தில் படி காலி.

அழிப்பானைக் கொண்டுபோய் அவள் மேல் வைத்தேன்.
முகம் கலங்கலாக,
சேலை ஒரு கறையாக விழுந்திருந்தது.
இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே
இருந்த ஒன்றுமில்லாதது மட்டும்
விளிம்பு பிசகாமல்
ஃபோகஸில் இருந்தது.