வெளிச்சம் பத்து மணி வரை

வியாழன் இரவே பதினான்கு சட்டையும் துவைத்தாயிற்று.
நீலம். முதுகில் வெள்ளை எண்.
ஆறாம் நம்பரின் வால் உரிந்து வந்தது.
ஈரத்துணி வைத்து ஒட்டித் தேய்த்தேன்,
கொஞ்சம் கோணல்.

பந்தாட்டம் எனக்குத் தெரியாது.
விருதுநகர்ப் பக்கம், மட்டை பிடித்தே வளர்ந்தோம்.
ஆனால் இரையுமன்துறை பிரதர்ஸ் அணியின்
ஒவ்வொரு அக்குளும் எனக்குத் தெரியும்.
எவன் ஓடினான், எவன் நின்றான் என்று
சட்டை சொல்லிவிடும்.
காலிறுதியில் ஒன்பதாம் நம்பர் வியர்க்கவே இல்லை.
நான் யாரிடமும் சொல்லவில்லை.

முஹர்ரக். விமான நிலைய வேலிக்கு இந்தப் பக்கம்
மணல் மைதானம்.
முன்வரிசைக்கு மட்டும் நாற்காலி,
மற்றவர்க்குக் கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டி.
பெத்தலீஸ் எனக்கும் ஒன்று பிடித்து வைத்திருந்தான்.
நெய்மீன் இருந்த பெட்டி.
என் காற்சட்டை திங்கட்கிழமை வரை சாட்சி சொல்லும்.

மேசைமேல் மன்சூர் கோல்டுஸ்டோர் நினைவுக் கோப்பை.
மூடி போன வருடமே தொலைந்துவிட்டதாம்.
மைக்கில் ஒருவர் மூச்சு விடாமல் மலையாளம்.
பாதி எனக்குப் புரிந்தது,
மீதி அவருக்கே புரிந்திருக்காது.

அடிக்கொருதரம் தலைக்குமேல்
சக்கரம் தெரியும் உயரத்தில் ஒரு விமானம்.
பழையவர்கள் நிமிர்வதில்லை.
கோல்கீப்பர் ஜெல்பின் வந்து இருபத்துமூன்று நாள்.
விடியும்வரை படகில் வலை இழுத்துவிட்டு
நேரே இந்த வலைக்கு வந்திருந்தான்.

எட்டேமுக்காலுக்கு ஒன்று இறங்கியது.
ஜெல்பின் நிமிர்ந்தான்.
நானும் நிமிர்ந்தேன்.
ஒன்பது வருடம் ஆகிறது எனக்கு, இருந்தும்.
கண்ணைக் கீழே கொண்டுவந்தபோது
வலை குலுங்கி அடங்கிக்கொண்டிருந்தது.

"யார் அடிச்சா?"
"லேய், பாக்கத்தானே வந்த?" என்றான் பெத்தலீஸ்.

வண்டூர்க்காரர்கள் செண்டை கொட்டினார்கள்.
ஜெல்பினை யாரும் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

இடைவேளையில் குலுக்கல். நானூற்றுப் பதினேழு.
வேலியோரம் நின்ற நேபாளிக் காவலாளிக்கு ரைஸ் குக்கர்.
இரண்டாம் பாதி முழுக்க அதை இடுப்பில் இடுக்கி
ஒற்றைக் கையால் தொடையில் தட்டிக்
கைதட்டிக்கொண்டிருந்தார்,
இரண்டு அணிக்கும்.

கடைசி நிமிடத்தில் ஒன்பதாம் நம்பர் கோல் அடித்தான்.
அடித்தான் என்பது மரியாதைக்கு.
நின்றவன் முட்டியில் பந்து வந்து மோதி
தானாக உள்ளே போனது.
இதை மட்டும் நான் முழுசாகப் பார்த்தேன்.
மீன்பெட்டி உடைந்தது.

பெனால்டிக்கு வரிசை நிற்கும்போது
விளக்கு அணைந்தது.
பத்து மணி. வாடகை அதுவரைக்கும்தான்.
கமிட்டிக்காரர் யாருக்கோ போன் போட்டார்,
யாரும் எடுக்கவில்லை.

காசு சுண்டலாம் என்றார் நடுவர்.
இரண்டு கேப்டன், நான்கு செல்போன் வெளிச்சம்,
ஒரு நூறு ஃபில்ஸ்.
மேலே போனதைப் பார்த்தோம்.
கீழே வந்ததை எவரும் பார்க்கவில்லை.

முப்பது பேர் முழங்காலிட்டு மணலைத் துழாவினோம்.
ஒரு வண்டூர்க்காரனும் நானும் தலை முட்டிக்கொண்டோம்.
"வேற காசு இல்லையா?"
"சுண்டின காசுதான் செல்லும்," என்றார் நடுவர்.
சட்டம் அப்படி இருக்கிறதோ என்னவோ,
இருட்டில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

கோப்பை இப்போது மன்சூர் கடையில்,
பிஸ்கட் டப்பாக்களுக்குப் பக்கத்தில்.
அடுத்த வெள்ளி மறுபடி ஆடுவார்களாம்.
அன்றைக்கு ஜெல்பின் கடலில் இருப்பான்,
எனக்கு டூட்டி.

சனிக்கிழமை மூட்டை வந்தது.
ஒன்பதாம் நம்பர், சொன்னால் நம்பமாட்டீர்கள்,
காய்ந்தே இருந்தது.
ஜெல்பினுடையதை இரண்டு தரம் அலசினேன்,
ஒரு தரத்துக்குத்தான் கணக்கு.

எந்திரம் சுற்றும்போது உள்ளே டக், டக்.
திறந்தால் மணல், ஒரு காலுறை,
நூறு ஃபில்ஸ்.
வாரம் பத்துக் காசு விழும் அதில்.
இது அதுதான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.
எந்தப் பக்கம் மேலே கிடந்தது என்று
பார்ப்பதற்குள் கை எடுத்துவிட்டது.

எதிர்க்கடையில் கரக் சாயா நூறு ஃபில்ஸ்.
சர்க்கரை கூடுதல்.
குடித்துவிட்டு வந்து
ஆறாம் நம்பரின் வாலை
நேராக ஒட்டினேன்.